இருமுறை கேட்ட கேள்வி

2020-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி மாலை, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், 38-ஆம் தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் முனையில் நடந்தது என்ன என்பதை உலகம் அறியும். இருபது டாலர் கள்ள நோட்டைக் கடையில் கொடுத்தார் என்ற சந்தேகத்தின்பேரில் பிடிக்கப்பட்ட ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற 46 வயதுக் கறுப்பர், கைகள் பின்னால் விலங்கிடப்பட்டுச் சாலையில் குப்புறக் கிடத்தப்பட, டெரெக் சாவின் என்ற வெள்ளைப் போலீஸ் உத்தியோகஸ்தர் அவருடைய கழுத்தின்மேல் 9 நிமிஷம் 29 வினாடி முழங்காலை ஊன்றியிருந்தார். தெருவில் நின்ற 17 வயதுப் பெண் ஒருத்தி அதைத் தன் கைப்பேசியில் பதிவு செய்திராவிட்டால், போலீஸாரோடு ஏற்பட்ட சந்திப்பின்போது உடல்நலக் கோளாறினால் ஒருவர் இறந்துபோனார் என்று அந்நகரப் போலீஸ் இலாகா முதலில் விடுத்த அறிக்கையே சரித்திரமாக நின்றிருக்கும்.

அந்தப் பதிவுகளில் முழங்காலைப் பார்த்தவர்கள் அநேகர். என் மனம் திரும்பத் திரும்பச் செல்வது ஃப்ளாய்டின் கால்மாட்டுக்கு. அங்கே கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தாமஸ் லேன் என்ற மற்றொரு வெள்ளைக் காவலர். வயது முப்பத்தேழானாலும், முழுநேரப் பணியில் அது அவருக்கு நாலாவது நாள். சாவினோ 19 வருஷ அனுபவசாலி, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பையும் வகித்தவர். லேனின் சட்டையில் பொருத்தியிருந்த காமிரா பதிவு செய்த குரல்களிடையே, இவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா என்று அவர் கேட்பது தெளிவாகக் கேட்கிறது. வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்கிறார் மூத்தவர். சற்று நேரம் சென்றபின் லேன் அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறார். கேட்கிறாரே ஒழியக் கால்மாட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. பிற்பாடு ஆம்புலன்ஸில் ஏறி, நின்றுபோன இதயத்தின்மேல் கைவைத்து அழுத்தி, உயிரை மீட்க முயன்றவரும் அவரே. மருத்துவ உதவி தேவைப்பட்ட மனிதருக்கு அதைச் செய்யத் தவறிய குற்றத்துக்காக மத்திய நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டனை இரண்டரை ஆண்டு.

அன்று அங்கே நின்ற போலீஸார் நால்வரில் கொடியவர் லேன் என்று எவரும் சொல்லார். உண்மையில் நால்வரிலும் மனச்சாட்சி வாய்திறந்து பேசிய ஒருவர் அவர்தாம். ஆனால் அந்த மனச்சாட்சி கேள்வி வடிவில், மரியாதையோடு, மேலதிகாரியின் அனுமதியை வேண்டிப் பேசியது. அனுமதி மறுக்கப்பட்டதும் அடங்கிவிட்டது. சக காவலர் அத்துமீறிப் பலாத்காரம் செய்தால் தடுத்தே தீரவேண்டும் என்ற விதி மினியாபொலிஸ் போலீஸில் 2016 முதலே இருந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும். இடுப்பிலிருந்து ஆடை நழுவும்போது கை தானாக விரைவதை நட்புக்கு உவமையாகச் சொன்னார் வள்ளுவர். அந்தக் கை எவரிடமும் உத்தரவு கேட்பதில்லை.

நிறவெறியைப் பற்றி வெள்ளை அமெரிக்கர்கள் பேசுவது எப்படி, கறுப்பருக்குத் துணை நிற்பது எப்படி என்று அந்த ஆண்டின் ஜூன் மாதத்தில் தொடங்கிய பெரும் சம்பாஷணையை நினைக்கும்போதெல்லாம், லேனின் அந்த இரண்டு கேள்விகளே எனக்கு அதன் சுருக்கமான பிரதியாகத் தோன்றுகின்றன. இப்படித் துணை நிற்பவருக்கு அவர்கள் வழங்கும் ஆங்கிலச் சொல், இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் நம் பத்திரிகைகள் 'நேச நாடுகள்' என்று மொழிபெயர்த்த அதே சொல். யுத்தத்தில் நேச நாடு என்றால் படை அனுப்பவேண்டும், பொருள் இழக்கவேண்டும், பிள்ளைகளைப் பலிகொடுக்கவேண்டும். 2020-இல் நேசர் ஆவதற்கு அவ்வளவு செலவு ஏற்படவில்லை.

ஜூன் 2-ஆம் தேதி செவ்வாய்க்கிழமையன்று இன்ஸ்டாகிராமில் 2 கோடிக்கும் மேற்பட்டோர் வெறும் கறுப்புச் சதுரம் ஒன்றைப் பதிவிட்டுத் தம் துக்கத்தை அறிவித்தார்கள். அந்தச் சதுரங்களில் பல, கறுப்பர் உயிருக்காகப் போராடிய இயக்கத்தின் பெயர்க்குறியோடு சேர்த்தே பதிவிடப்பட்டதால், எங்கே ஊர்வலம், யாருக்கு ஜாமீன் பணம் தேவை என்ற உருப்படியான செய்திகள் இருட்டில் புதைந்து போயின. வெள்ளையரின் எளிதில் நொறுங்கும் மனப்பாங்கைப் பற்றி ராபின் டிஆஞ்சலோ என்ற வெள்ளைப் பெண்மணி 2018-இல் எழுதிய நூல், விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு ஏறிற்று. படிப்பது நல்லதே, புத்தகம் விற்பதைக் குறைசொல்ல எழுத்தைத் தொழிலாகக் கொண்ட எனக்கு வாய் வராது. ஆயினும், பியூ ஆய்வு நிலையம் எடுத்த கணக்கின்படி அந்த ஜூன் மாதத்தில் இயக்கத்தை ஆதரித்த வெள்ளையர் நூற்றுக்கு 60 பேர். செப்டம்பர் மாதத்தில் அவர்கள் 45 பேராகக் குறைந்தார்கள். வாங்கிய புத்தகத்தைப் படித்து முடிப்பதற்குள்ளாகவே பலருக்கு ஆர்வம் வடிந்துவிட்டது போலும்.

அதனினும் விசித்திரமானது அந்த வாரங்களில் கறுப்பர்களின் கைப்பேசிகளில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் உடன் படித்த பிறகு இருபது வருஷம் பேசாதவர்கள், பக்கத்து மேஜையில் அமர்ந்தும் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசாத சக ஊழியர்கள், எல்லோரும் ஒரே சமயத்தில், எப்படி இருக்கிறாய், உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், நான் என்ன செய்யவேண்டும் சொல் என்று செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். இழவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர் தாமே பெருங்குரலெடுத்து அழுது, வீட்டாரைக்கொண்டு தமக்குத் தண்ணீர் வரவழைத்து, ஆறுதலும் பெற்றுக்கொண்டு போவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? அந்த நிலைமைதான். பச்சாத்தாபம் உண்மையாகவே இருந்திருக்கலாம். அதைக் கேட்டுப் பாவமன்னிப்பு வழங்கும் குருமார் உத்தியோகத்தைக் கறுப்பர் எவரும் விண்ணப்பித்துப் பெறவில்லை.

கறுப்பர் வீடுகளில் வேறொரு சம்பாஷணை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. 'அந்தப் பேச்சு' என்றாலே அங்கே எல்லோருக்கும் தெரியும். மகன் தோளுக்குமேல் வளர்ந்து, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் வயதில், தகப்பனாரோ தாயாரோ அவனைச் சமையலறை மேஜையின் முன் உட்கார வைத்துச் சொல்லும் பாடம் அது. போலீஸ் வண்டி பின்னால் விளக்கைப் போட்டால் ஓரமாக நிறுத்து. இரண்டு கைகளையும் ஸ்டியரிங் சக்கரத்தின்மேல் தெரியும்படி வை. லைசென்ஸை எடுப்பதற்கு முன், எடுக்கப்போகிறேன் என்று சொல்லி, அனுமதி பெற்று, மெதுவாகக் கையை நீட்டு. 'சார்' என்று கூப்பிடு. அவர் சொல்வது அநியாயமாக இருந்தாலும் அங்கே தர்க்கம் செய்யாதே. உயிரோடு வீடு வந்து சேர், மற்றதை வக்கீலைக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம். சில வீடுகளில் தகப்பனார் நாற்காலியைக் காராகப் பாவித்து ஒத்திகையும் பார்க்கிறார்.

இந்தப் பாடத்தைத் தவறாமல் ஒப்பித்தவர் ஃபிலாண்டோ காஸ்டீல். மினியாபொலிஸுக்கு அடுத்த செயின்ட் பால் நகரில், ஒரு மாண்டிசோரிப் பள்ளியின் உணவுக்கூடத்தை மேற்பார்வை செய்துவந்த 32 வயது மனிதர். எந்தக் குழந்தைக்குப் பால் ஒவ்வாது என்பதைக்கூட மனப்பாடமாக வைத்திருந்தவர். வாகனம் ஓட்டத் தொடங்கிய நாள்முதல் அவரைப் போலீஸார் நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை சாலையில் நிறுத்தியிருக்கிறார்கள். 2016 ஜூலை 6-ஆம் தேதி இரவு மறுபடியும் நிறுத்தப்பட்டபோது, தம்மிடம் துப்பாக்கி இருப்பதை 'சார்' என்று விளித்து முன்கூட்டியே அமைதியாகத் தெரிவித்தார். அதை வைத்திருக்க அவருக்கு முறையான உரிமம் இருந்தது. சில வினாடிகளுக்குள் ஏழு குண்டுகள் பாய்ந்தன. காரின் பின்னிருக்கையில் நாலு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. சுட்ட உத்தியோகஸ்தரை ஜூரிகள் அடுத்த வருஷம் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள்.

வெள்ளையர் வீட்டுச் சமையலறை மேஜைகளில் இதற்கு ஈடான பேச்சு கிடையாது. மகனுக்குக் கார் சாவியைக் கொடுக்கும்போது வேகமாக ஓட்டாதே, குடித்துவிட்டு ஓட்டாதே என்பதோடு அவர்கள் பாடம் முடிகிறது. அதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. இல்லாத அபாயத்துக்கு எந்தத் தாயும் எச்சரிக்கை செய்யமாட்டாள். ஆனால் அந்த மேஜைகளில் பேசவேண்டிய வேறொரு விஷயம் உண்டு. அது தொலைபேசியைப் பற்றியது.

ஃப்ளாய்ட் இறந்த அதே மே 25-ஆம் தேதி காலையில், நியூயார்க் மத்தியப் பூங்காவில் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பர், நாயைக் கயிற்றில் கட்டும்படி ஒரு வெள்ளைப் பெண்மணியைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பகுதியின் விதி அது. ஒரு ஆப்பிரிக்க அமெரிக்கன் என் உயிருக்கு ஆபத்து விளைவிக்கிறான் என்று போலீஸுக்குச் சொல்லப்போகிறேன் என அவரிடமே முன்கூட்டி அறிவித்துவிட்டு, அப்படியே 911-ஐ அழைத்துப் பதறிய குரலில் சொன்னார் அந்தப் பெண்மணி. தம் குரலுக்குப் போலீஸ் எப்படி ஓடிவரும் என்பதும், வந்தபின் எதிரே நிற்பவருக்கு என்ன நேரக்கூடும் என்பதும் அவருக்கு யாரும் வகுப்பெடுக்காமலே தெரிந்திருந்தது. 2015 பிப்ரவரியில், அலபாமா மாகாணத்தின் மாடிசன் என்ற ஊரில், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டுக்குக் குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுப் பாட்டனார் ஒருவர் காலைநேரத்தில் தெருவில் உலாவினார். ஒல்லியான கறுப்பன் ஒருவன் வீடுகளை நோட்டம் பார்க்கிறான் என்று யாரோ ஒருவர் போன் செய்ய, வந்த போலீஸ்காரர் அவரைத் தரையில் மோதி வீழ்த்தியதில் உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. ஆங்கிலம் தெரியாத அம்மனிதர் கறுப்பர் அல்லர் என்பது பிறகு தெரிந்தது. அது தெரிந்து ஆனதென்ன? வெள்ளைத் தகப்பனார் தம் பிள்ளையிடம் பேசவேண்டிய பாடம் இந்த மூன்று எண்களைச் சுழற்றும் விரலைப் பற்றியது. அந்தப் பேச்சுக்குக் கறுப்பர் ஒருவரைச் சாட்சியாகக் கூட்டிவந்து உட்கார்த்தத் தேவையில்லை.

வெள்ளையரின் துணையால் பயனே இல்லையென்று நான் சொல்லவரவில்லை. பயன் உண்டு, அந்தப் பயனிலேயே ஒரு கூச்சமும் உண்டு. 1965 பிப்ரவரி 18-ஆம் தேதி இரவு, அலபாமாவின் மாரியன் ஊரில், வாக்குரிமை கோரிய ஊர்வலத்தாரைப் போலீஸார் அடித்து விரட்டியபோது, தாயையும் பாட்டனாரையும் அடியிலிருந்து காக்க முயன்ற ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயதுக் கறுப்பரை மாகாணப் போலீஸ்காரர் ஒருவர் வயிற்றில் சுட்டார். எட்டு நாள் கழித்து ஜாக்சன் இறந்தார். செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு நடைப்பயணம் என்ற எண்ணமே அந்த மரணத்தில் பிறந்தது. மார்ச் 7-இல் அப்பயணம் பாலத்தின்மேல் ரத்தத்தில் முடிந்தபின், மார்ட்டின் லூதர் கிங்கின் அழைப்பை ஏற்று பாஸ்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் ரீப் என்ற வெள்ளைப் பாதிரியார், மார்ச் 9-ஆம் தேதி மாலை உணவு அருந்திவிட்டுத் தெருவில் நடக்கையில் தடியால் அடிபட்டு, இரண்டு நாளில் உயிர் நீத்தார். நாடு கொதித்தது. ரீபின் மனைவிக்கு ஜனாதிபதி ஜான்சன் தொலைபேசியில் அனுதாபம் சொன்னார். மார்ச் 15-ஆம் தேதி காங்கிரஸின் முன் நிகழ்த்திய புகழ்பெற்ற பிரசங்கத்தில், கடவுளின் ஊழியரான நல்ல மனிதர் ஒருவர் கொல்லப்பட்டதைக் குறிப்பிட்டார். ஜாக்சனைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஜாக்சனைச் சுட்டவர் 2010-இல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கிடைத்தது ஆறு மாதம்.

ரீபின் தியாகத்தை இதனால் சிறிதும் குறைத்து மதிப்பதற்கில்லை; தம் மரணத்துக்கு இவ்வளவு விலை வைப்பார்கள் என்று அவர் எண்ணி வந்தவரல்லர். ஆனால் ஒரு மாதத்துக்குள்ளேயே ஒரே காரியத்துக்காக இறந்த இருவரின் உயிரை ஒரே நாடு இரண்டு தராசில் நிறுத்ததைக் கறுப்பு இளைஞர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1966-இல், ஸ்டோக்லி கார்மைக்கேல் தலைமையிலிருந்த மாணவர் இயக்கத்தார் தம் வெள்ளைத் தோழர்களிடம், எங்கள் ஊர்களில் வந்து எங்களை ஒழுங்குபடுத்தியது போதும், நிறவெறி குடியிருப்பது உங்கள் தெருக்களில், அங்கே போய் வேலை செய்யுங்கள் என்று சொன்னார்கள். கல்லூரி நாட்களில் இதைப் படித்தபோது நன்றிகெட்ட பேச்சாக எனக்குத் தோன்றிற்று. உடன்வந்து அடிபட்டவர்களை வாசலோடு அனுப்புவதா என்று கோபம்கூட வந்தது. இன்று, இந்த அறுபது வருஷத்தில் வெள்ளையருக்குச் சொல்லப்பட்ட ஆலோசனைகளிலேயே காரியார்த்தமானது அது ஒன்றே என்று நினைக்கிறேன். நிறைவேற்றக் கடினமானதும் அதுவே. கறுப்பர் கூட்டத்தில் போய்க் கண்ணீர்விட்டால் கட்டித் தழுவிக்கொள்வார்கள். நன்றியறிதல் நாள் விருந்தில் வான்கோழி அறுக்கும் மாமனாரிடம், போலீஸில் வேலைபார்க்கும் மைத்துனனிடம், நீங்கள் சொல்வது தவறு என்று சொன்னால் அடுத்த வருஷம் அந்த மேஜையில் நாற்காலி இருக்குமோ இராதோ.

நல்லெண்ணத்தோடு தொடங்கிய காரியம் எங்கே போய் முடியும் என்பதற்கு வழக்கு மன்றத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1961-இல் வெள்ளையரும் கறுப்பருமாக 15 எபிஸ்கோபல் பாதிரியார்கள், மிஸிஸிப்பியின் ஜாக்சன் நகரப் பஸ் நிலையத்தில், வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் ஒன்றாக நுழைந்ததற்காகக் கைதானார்கள். பிறகு அவர்களில் சிலர், தங்களைப் பிடித்த போலீஸார்மீது நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்தார்கள். பியர்சன் எதிர் ரே என்ற அந்த வழக்கில் 1967-இல் சுப்ரீம் கோர்ட், நல்லெண்ணத்தோடும் தக்க நம்பிக்கையோடும் கைது செய்த போலீஸ்காரருக்கு அதுவே தற்காப்பு என்று தீர்ப்பளித்தது. பிற்காலத் தீர்ப்புகளில் அந்த வித்து மரமாகி, இன்று அமெரிக்காவில் அத்துமீறிய போலீஸார்மீது சிவில் வழக்குத் தொடுப்பவர் முதலில் மோதிக்கொள்ளும் மதிலாகி நிற்கிறது. அதைத் தளர்த்தும் விதியும் அடங்கிய மசோதா, ஃப்ளாய்டின் பெயரையே தாங்கி 2020-இலும் 2021-இலும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டைக் கடக்க முடியாமல் நின்றுவிட்டது. கறுப்புச் சதுரம் பதிவிட்ட கோடிப் பேரில் எத்தனை பேர் தம் செனட்டருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள்?

யார் சொல்வதைக் கேட்பது என்பதிலும் சிக்கல் உண்டு, மறைப்பானேன். 2020 ஜூன் 7-ஆம் தேதி மினியாபொலிஸ் நகரசபை உறுப்பினர் ஒன்பது பேர் ஒரு பூங்கா மேடையில் ஏறி, நகரப் போலீஸ் படையையே கலைப்பதாகச் சபதம் செய்தார்கள், கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தப் படைக்குப் பதிலாக வேறொரு பாதுகாப்பு இலாகாவை அமைக்கும் யோசனை 2021 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, நூற்றுக்கு 56 பேர் வேண்டாம் என்றார்கள்; கறுப்பர் மிகுதியாக வாழும் வடக்குப் பகுதி வட்டாரங்களும் அதை ஏற்கவில்லை. போலீஸின் அடியும் வேண்டாம், துப்பாக்கிச் சூடு நடக்கும் தெருவில் போலீஸ் இல்லாத இரவும் வேண்டாம் என்று அவ்வட்டாரத் தாய்மார்கள் நினைத்தார்கள். துணைநிற்க வந்தவர்களில் சிலர், துணை கேட்டவர்களைக் காட்டிலும் வேகமாக நடந்து, திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

லேன் செய்யாததைச் செய்த ஒருவர் இருக்கிறார். நியூயார்க் மாகாணத்துப் பஃபலோ நகரில் 2006-ஆம் ஆண்டு, விலங்கிட்ட கறுப்பர் ஒருவரின் கழுத்தை வெள்ளைக் காவலர் ஒருவர் கையால் நெரிப்பதைக் கண்ட கேரியல் ஹார்ன் என்ற கறுப்புப் பெண் போலீஸ், கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காமல் குறுக்கே பாய்ந்து தடுத்தார். விசாரணைக்கு உள்ளானவர் அவரே, 2008-இல் வேலைபோயிற்று, முழு ஓய்வூதியத்துக்கு அப்போது ஏறக்குறைய ஒரு வருஷமே பாக்கி. அந்த வெள்ளைக் காவலர் பின்னாளில் வேறொரு பலாத்கார வழக்கில் சிறை சென்றார். இடையிட்டுத் தடுப்பவரைப் பாதுகாக்கும் சட்டத்தை ஹார்னின் பெயரிலேயே பஃபலோ நகரசபை 2020-இல் இயற்றியது; 2021 ஏப்ரலில் நீதிமன்றம் அவருடைய ஓய்வூதியத்தை மீட்டுக் கொடுத்தது. அதே மாதம் சாவின் வழக்கில், 1985 முதல் மினியாபொலிஸ் போலீஸில் பணியாற்றிய ரிச்சர்ட் ஜிம்மர்மன் என்ற வெள்ளை உத்தியோகஸ்தர் கூண்டேறி, விலங்கிட்ட மனிதரின் கழுத்தில் முழங்காலை ஊன்றியதற்கு எந்த அவசியமும் இல்லை என்று சத்தியம் செய்து சொன்னார். சக காவலருக்கு எதிராகக் காவலர் வாய்திறக்கக்கூடாது என்பது அவர்கள் ஜாதி ஆசாரம். அவர் பேசியது தம்மவர் சபையில், தம்மவருக்கு எதிராக.

அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்களில் 911 நிலையத்தில் வேலைசெய்த பெண்மணி ஒருவரும் இருந்தார். அந்தத் தெருமுனைக் காமிராவின் படம் அவருடைய அறைத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. வேறு அழைப்புகளைக் கவனித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் போலீஸார் அதே இடத்தில், அதே நிலையில் அசையாமல் இருக்கக் கண்டு, திரைதான் உறைந்துவிட்டதோ என்று அவர் முதலில் சந்தேகித்தார். உறையவில்லை என்று தெரிந்தபின், தினமும் ஊராரின் புகாரைக் கேட்டுப் போலீஸை அனுப்பிவைக்கும் அதே தொலைபேசியை எடுத்து, போலீஸைப் பற்றியே மேற்பார்வை சார்ஜன்ட்டிடம் சொல்லத் துணிந்தார். ஃப்ளாய்டை அது காப்பாற்றவில்லை. அந்த அழைப்பு ஒலிப்பதிவில் இருக்கிறது. விஷயத்துக்கு வருமுன், வேண்டுமானால் என்னைக் கோள் சொல்பவள் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்மணி சொல்வது அதில் கேட்கிறது.